நீண்ட ஆங்கிலச் சொல்: முதலில் பிரிப்பதா, அழுத்தம் தேடுவதா?

மார்ச் 2, காலை (வாசகர் கேள்வி)

"நீளமான ஆங்கிலச் சொல் வந்தால் அசை அசையாகப் பிரித்து வாசி, உச்சரிப்பு தானாக வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிரிக்கிறேன். ஒவ்வொரு துண்டும் சரியாகத்தான் இருக்கிறது. சேர்த்துச் சொன்னால் கேட்பவருக்குப் புரியவில்லை. எங்கே பிழை?"

மார்ச் 2, இரவு

பிழை வரிசையில் இருக்கிறது. அழுத்தம் எங்கே விழுகிறது, அதாவது எந்தத் துண்டை மற்றவற்றைவிட ஓங்கிச் சொல்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். துண்டுகள் அதன் பிறகு தாமாக அமையும். நீங்கள் முதலில் பிரித்துவிட்டு, எல்லாத் துண்டுக்கும் ஒரே எடை கொடுக்கிறீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் வாசித்தேன்.

எனக்கு இது உறைத்த இடத்தைச் சொல்கிறேன். பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு உளவியல் பாடநூல்களை வாசித்துக் காட்டுகிறேன். ஒரு நாள் 'ஹைப்பாத்தஸிஸ்' (கருதுகோள்) என்ற சொல் வந்தது. நான் ஹைப்போ என்று நிறுத்தி, தீஸிஸ் என்று முடித்தேன். அவர் கையை உயர்த்தி, "அக்கா, அது என்ன ஆய்வேடு? புதிதாக இருக்கிறதே" என்றார். அவர் காதில் அது இரண்டு சொல்லாக விழுந்திருக்கிறது. எழுத்துக்கூட்டிச் சொன்னதும், "ஓ, ஹை-'பாத்-த-ஸிஸ்!" என்றார். திரைவாசிப்பான் வழியாக அந்தச் சொல்லை நூறு முறை கேட்டவர் அவர். நூறு முறை கண்ணால் பார்த்தவள் நான். இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருந்தோம்.

குறியீடு பற்றி: அழுத்தம் விழும் துண்டுக்கு முன்னால் ' என்று போடுகிறேன்.

மார்ச் 3

நேற்றுச் சொன்னதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தையே பாருங்கள். படம் என்ற பொருளில் 'ஃபோ-ட-கிராஃப். படம் எடுக்கும் கலை ஃப-'டாக்-ர-ஃபி. அதன் பெயரடை ஃபோ-ட-'கிராஃ-பிக். எழுத்தில் மூன்றுக்கும் ஒரே வேர், ஒரே உயிரெழுத்துகள். ஒலியில், அழுத்தம் போன இடத்தில் உயிர் விழித்துக்கொள்கிறது. விட்டு வந்த இடத்தில் மங்குகிறது. முதல் சொல்லில் 'ஃபோ' என்று முழுதாக ஒலித்தது இரண்டாவதில் வெறும் 'ஃப' ஆகிவிட்டது. முதல் சொல்லில் மங்கிக் கிடந்த 'ட' இரண்டாவதில் 'டாக்' என்று எழுந்து நிற்கிறது.

அழுத்தம் தெரியாமல் பிரித்தால் ஃபோ-டோ-கிரா-ஃபி என்றுதான் வரும். ஒவ்வொரு துண்டும் எழுத்துக்கு விசுவாசமாக இருக்கும், சொல் மட்டும் இருக்காது.

இந்த மங்கிய உயிருக்கு ஒலியியலில் ஷ்வா என்று பெயர். ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வரும் உயிர் இதுதான். இதற்குத் தனி எழுத்து கிடையாது. எந்த உயிரெழுத்தும் இதன் வேடத்தைப் போட்டுக்கொள்ளும்.

மார்ச் 3, பின்னிரவு

தமிழ் வாசகர்களுக்கு இந்த மங்கல் புதிதாக இருக்கத் தேவையில்லை. 'நாடு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரம் முழு மாத்திரை ஒலிப்பதில்லை, அரை மாத்திரைதான். குற்றியலுகரம் என்று பெயர் வைத்து, எங்கெங்கே குறுகும் என்று விதியும் எழுதியிருக்கிறார்கள். ஐகாரக் குறுக்கமும் அப்படித்தான். எழுத்து அப்படியே நிற்க ஒலி குறுகும் என்பது நம் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிற செய்தி. ஒரு வேறுபாடு உண்டு: நம் குறுக்கம் ஒலியின் அளவைக் குறைக்கிறது, ஆங்கிலத்தில் ஒலியின் நிறமே மாறிவிடுகிறது.

மார்ச் 5

'அசை' என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். கேள்வியில் இருந்தது, நானும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். யாப்பு படித்த ஒருவர் சரியாகவே மறுத்திருக்கிறார். நேரசையில் ஓர் உயிர். நிரையசையில் இரண்டு. 'படம்' நமக்கு ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் இரண்டு துண்டு. ஆகவே அசை என்று மொழிபெயர்த்தால் எண்ணிக்கை தொடக்கத்திலேயே தவறிவிடும். இனி 'துண்டு' என்றே எழுதுகிறேன். ஒரு துண்டுக்குக் காதில் விழும் ஓர் உயிர், அவ்வளவுதான் கணக்கு.

காதில் விழும் உயிர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 'ஸ்ட்ரெங்த்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒன்பது எழுத்து, ஒரே துண்டு. 'ஏரியா'வில் நான்கு எழுத்து, மூன்று துண்டு. காய்கறியைக் குறிக்கும் சொல் எழுத்தில் நான்கு துண்டு போலத் தெரியும். பேச்சில் 'வெஜ்-ட-பில், மூன்றுதான். வசதியாக இருப்பதைச் சொல்லும் 'கம்ஃப்-ட-பில் என்பதும் அப்படியே. அழுத்தம் முன்னால் விழுந்ததால் அடுத்த உயிர் மங்கி, மங்கி, கடைசியில் காணாமலே போய்விட்டது.

மார்ச் 6

"அழுத்தம் முதலில் என்கிறீர்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அகராதி இல்லாமல்?"

நியாயமான கேள்வி. சொல்லின் வாலைப் பிடியுங்கள். நாம் இடமிருந்து வலம் வாசிக்கிறோம், ஆங்கில அழுத்தத்தை வலமிருந்து இடமாக எண்ண வேண்டும்.

'-இக்' என்று முடிந்தால் அதற்கு முந்தைய துண்டில் அழுத்தம்: எ-க-'நா-மிக், டெ-ம-'கிராட்-டிக். '-ஷன்' என்று முடிந்தாலும் அப்படியே. '-இட்டி' என்று முடிந்தாலும் அதற்கு உடனே முன்னால்: பர்-ஸ-'னா-லி-டி, ரி-ஸ்பான்-ஸ-'பி-லி-டி. '-ஜி', '-ஃபி', '-ஸி', '-மி' என்று முடியும் கிரேக்கவழிச் சொற்கள் கடைசியிலிருந்து மூன்றாம் துண்டில் அழுத்தம் வாங்கும்: சை-'கா-ல-ஜி, டி-'மாக்-ர-ஸி, இ-'கா-ன-மி. '-ஏட்' என்று முடியும் நீண்ட வினைகளும் மூன்றாம் இடம்தான்: க-'மியூ-னி-கேட், இன்-'வெஸ்-டி-கேட்.

சில விகுதிகள் அழுத்தத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்: எஞ்-ஜி-'னியர், வா-லன்-'டியர், ரெ-ஃபியூ-'ஜீ, ஜா-ப-'னீஸ். வேறு சில ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். '-நெஸ்', '-லெஸ்', '-ஃபுல்', '-லி' எத்தனை சேர்த்தாலும் அழுத்தம் நகராது: 'கேர், 'கேர்-லெஸ், 'கேர்-லெஸ்-நெஸ்.

இந்த ஒரு பத்தியைக் கையில் வைத்துக்கொண்டால், நான் வாசிக்கும் பாடநூலின் நீண்ட சொற்களில் பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன. மனநோய் மருத்துவம் சை-'கை-அ-ட்ரி. அதன் பெயரடை சை-கி-'ஆட்-ரிக். முன்பு இரண்டையும் ஒரே மாதிரி வாசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

விதி சொன்னால் விலக்கும் சொல்ல வேண்டும். அரசியல் 'பா-லி-டிக்ஸ். அரபு மொழி 'ஆ-ர-பிக். இரண்டும் '-இக்' விதியை மீறுகின்றன. கணக்கைக் குறிக்கும் அ-'ரித்-ம-டிக் பெயர்ச்சொல்லாக மீறுகிறது, பெயரடையாக வந்தால் ஆ-ரித்-'மெட்-டிக் என்று விதிக்குத் திரும்புகிறது! 'ஈ' என்று முடிந்தும் க-'மிட்-டி நடுவில்தான் அழுத்தம் வாங்கும்.

மார்ச் 8

மூன்று பேர் ஒரே சொல்லை எழுப்பியிருக்கிறார்கள்: கிலோமீட்டர். 'கி-ல-மீ-டர் என்பதா, கி-'லா-மி-டர் என்பதா?

இரண்டும் புழக்கத்தில் உள்ளன, இரண்டு பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அளவின் பெயர்கள் எல்லாம் முதலில் அழுத்தம் வாங்குகின்றன: 'சென்-டி-மீ-டர், 'மில்-லி-மீ-டர். அந்த வரிசையில் வைத்தால் 'கி-ல-மீ-டர். அளக்கும் கருவிகளோ தர்-'மா-மி-டர், ப-'ரா-மி-டர் என்று நடக்கின்றன. அவற்றின் சாயலில் போனால் கி-'லா-மி-டர். அது கருவி இல்லையே என்பதால் நான் முதல் வடிவத்தையே வைத்துக்கொள்கிறேன். இரண்டாவதைச் சொல்பவரைத் திருத்த மாட்டேன்.

ஆய்வுக்கூடத்தைப் பற்றியும் கேட்டார்கள். பிரிட்டனில் ல-'பா-ர-ட்ரி, அமெரிக்காவில் 'லாப்-ர-டோ-ரி. விளம்பரத்துக்கு பிரிட்டனில் அட்-'வர்-டிஸ்-மென்ட், அமெரிக்காவில் பெரும்பாலும் ஆட்-வர்-'டைஸ்-மென்ட். எந்தப் பக்கம் போனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அழுத்தம் இடம் மாறியதும் துண்டுகளின் உயிரும் மாறிவிடுகிறது. முதலில் பிரித்து வைத்த துண்டுகள் இரண்டு நாட்டிலும் உதவாது.

மார்ச் 9

சிறிய செய்தி. சில அமெரிக்க அகராதிகள் அழுத்தக் குறியைத் துண்டுக்குப் பின்னால் போடுகின்றன. மற்றவை முன்னால் போடுகின்றன. என்னிடம் இரண்டு வகையும் இருந்தன. முன்னுரையை வாசிக்காமல் இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டதால், கணிசமான சொற்களை ஒரு துண்டு தள்ளி அழுத்திக்கொண்டிருந்தேன். உங்கள் அகராதியைத் திறந்து, ஐயமில்லாமல் தெரிந்த ஒரு சொல்லை முதலில் பாருங்கள். குறி எந்தப் பக்கம் என்று அது சொல்லிவிடும்.

மார்ச் 11

அச்சில் வரி முடிவில் சொல்லை உடைக்கும் இடமும் ஒலித்துண்டும் ஒன்றே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் வெகுகாலம் நம்பியது. அந்த உடைப்பு கண்ணுக்காக. பிரிட்டனில் சொல்லின் வேரைப் பார்த்து உடைக்கும் பழக்கம் வலுவாக இருந்தது. அமெரிக்காவில் ஒலியைப் பார்த்து உடைப்பார்கள். ஆகவே மார்ச் 3-இல் பார்த்த ஃபடாக்ரஃபி என்ற ஒரே சொல்லை, எழுத்தில் 'ஃபோட்டோ' வரை ஒரு வரியிலும் மிச்சத்தை அடுத்த வரியிலும் ஓர் ஊர் அச்சகம் போடும். இன்னோர் ஊர் அச்சகம் மூன்றாவது மெய் வரை இழுத்துப் பிடிக்கும்.

அமெரிக்கப் பழக்கத்தின் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 1783-இல் நோவா வெப்ஸ்டர் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூல், அதுவரை பள்ளிகளில் இருந்த பிரிப்பை எதிர்த்தது. பழக்கம் என்ற பொருள் தரும் ஹாபிட் என்ற சொல்லை முன்பெல்லாம் உயிரோடு நிறுத்தி, மெய்யை அடுத்த துண்டுக்குத் தள்ளிப் பிரித்தார்கள். அப்படிப் பார்த்த குழந்தை 'ஹே-பிட்' என்று நீட்டி வாசிக்கும். மெய்யை முதல் துண்டோடு சேர்த்து 'ஹாப்-இட்' என்று பிரியுங்கள், குழந்தை சரியாக வாசிக்கும் என்றார் வெப்ஸ்டர். பிரிப்பு ஒலியைப் பின்தொடர வேண்டும் என்பது அவர் வாதம். இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு நான் என் வாசிப்பு மேசையில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்ததும் இதே இடம்தான்.

மார்ச் 11, இரவு

அச்சு பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கணினியில் சொற்களை உடைக்கும் புகழ்பெற்ற முறை ஒன்றை ஃபிராங்க் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில் எழுதினார். டொனால்டு கனூத்தின் 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருளில் அது பயன்படுகிறது. எழுத்து வரிசைகளைப் பார்த்து உடைக்கும் முறை அது, அகராதி தேவையில்லை. முறைக்கு அடங்காத 14 சொற்களை மட்டும் தனிப் பட்டியலாகச் சேர்த்தார்கள்.

அந்தப் பட்டியலில் பிரஸென்ட், புராஜெக்ட் என்ற சொற்கள் இருக்கின்றன, எங்குமே உடைக்க இடம் இல்லாமல். காரணம் நம் விஷயமேதான். பரிசு என்றால் 'பிரெஸ்-ன்ட். வழங்கு என்றால் ப்ரி-'ஸென்ட். எழுத்து ஒன்று, அழுத்தம் இரண்டு, அதனால் உடையும் இடமும் இரண்டு. பெயரா வினையா என்று தெரியாத இயந்திரம் தொடாமல் விட்டுவிடுவதே சரி. இந்தச் செய்தியை முதலில் படித்தபோது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். அழுத்தம் தெரியாமல் பிரிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெயருக்கு முன்னால், வினைக்குப் பின்னால் என்பது பொதுவான போக்கு: 'ரெ-கார்ட், ரி-'கார்ட், 'பர்-மிட், பர்-'மிட், 'ஆப்-ஜெக்ட், அப்-'ஜெக்ட்.

மார்ச் 14

மார்ச் 6 குறிப்பை மீண்டும் வாசித்தேன். விகுதி உள்ள சொற்களுக்கு வழி சொன்னேன். விகுதி இல்லாதவற்றுக்கு? அங்கேதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி காத்திருந்தது.

மொழியியலாளர்கள் சோம்ஸ்கியும் ஹாலேயும் 1968-இல், ஆங்கில அழுத்தத்தைச் சொல் சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பெரும்பகுதி விதிகளிலிருந்து வரும் என்று காட்ட முயன்றார்கள். அந்த விதிகளின் நடுவே இருப்பது லத்தீனிலிருந்து வந்த பழைய கணக்கு. பெயர்ச்சொல்லில் கடைசிக்கு முந்தைய துண்டைப் பார். அது கனமானால் அழுத்தம் அங்கே. இலேசானால் ஒரு படி முன்னால் போ.

எது கனம்? நெடில் கனம். ஒற்றடுத்த குறில் கனம். தனிக்குறில் இலேசு.

இதை வாசித்ததும் தொல்காப்பியச் செய்யுளியல் நினைவுக்கு வராத தமிழர் உண்டா? "குறிலே நெடிலே குறிலிணை குறில்நெடில் ஒற்றொடு வருதலொடு" என்று தொடங்கித்தானே நேரும் நிரையும் வகுத்தார்கள். நாம் சீர் பிரிக்கக் கற்றுக்கொண்ட அதே கண், ஆங்கில அழுத்தத்தையும் பார்க்கும்.

அ-'ரோ-மா: நடுவில் நெடில், அழுத்தம் அங்கே. ஹ-'ரை-ஸன்: அதேபோல். அ-'ஜென்-டா, வ-'ரான்-டா: ஒற்று அடைக்கிறது, அழுத்தம் அங்கே. 'சி-னி-மா: நடுவில் தனிக்குறில், ஒரு படி முன்னால். அ-'மெ-ரி-கா: 'ரி' தனிக்குறில், ஒரு படி முன்னால்.

மார்ச் 5-இல் யாப்புச் சொல்லை விலக்கினேன் அல்லவா? பெயரை விலக்கியது சரி. குறில், நெடில், ஒற்று என்ற கருவியை விலக்கியிருந்தால் பெரிய இழப்பு.

மார்ச் 15

உடனே மறுப்பு வந்தது, வரவேண்டியதுதான். 'கா-லன்-டர், 'சி-லின்-டர், 'கா-ரக்-டர், 'இன்-டஸ்-ட்ரி. நான்கிலும் நடுத்துண்டு ஒற்றால் அடைபட்டும் அழுத்தம் முதலில் நிற்கிறது. ஆமாம், விதி தோற்கும் இடங்கள் இவை. இதை முதல் ஊகமாக வைத்துக்கொள்ளுங்கள், காதில் விழுந்தது வேறாக இருந்தால் காதை நம்புங்கள்.

மார்ச் 15, மாலை

எல்லை எங்கே போடுவது என்று இன்னும் விவாதிக்கிறார்கள். நடுவில் நிற்கும் மெய், முன் துண்டுக்கா, பின் துண்டுக்கா? அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. முடிந்த வரை பின் துண்டுக்கே கொடு என்பது ஒரு கட்சி. ஒலியியலாளர் ஜே. சி. வெல்ஸ் 1990-இல் வேறு வழி சொன்னார்: அக்கம்பக்கத்தில் எந்தத் துண்டில் அழுத்தம் கூடுதலோ, மெய் அதனோடு சேரும். நான் இந்தக் கட்சி. இதில் எல்லை எங்கே என்பதையே அழுத்தம்தான் முடிவு செய்கிறது.

மார்ச் 18

பழைய காலத்தில் இப்படியெல்லாம் குழப்பம் இல்லை என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். மரியாதையோடு மறுக்கிறேன். மாடத்தைக் குறிக்கும் சொல் இன்று 'பால்-க-னி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பால்-'கோ-னி என்றுதான் சொன்னார்கள், இத்தாலிய மூலத்தைப் போல. அழுத்தம் முன்னால் நகர்ந்தபோது சாமுவேல் ராஜர்ஸ் என்ற ஆங்கிலக் கவிஞருக்கு அது குமட்டியது. சிந்தித்தல் என்ற பொருளுள்ள 'கான்-டம்-பிளேட் என்ற புதிய உச்சரிப்பே போதுமான தொல்லை, இதைக் கேட்டால் குமட்டுகிறது என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அவரைக் குமட்டியவை இரண்டும் இன்று பாடநூல் உச்சரிப்பு.

மார்ச் 20

"45 எழுத்துச் சொல் ஒன்று உண்டே, எரிமலைத் தூசியால் வரும் நுரையீரல் நோய், அதற்கு உங்கள் முறை உதவுமா?"

உதவும். துண்டுகள் 19. முன்னாலிருந்து தொடங்கினால் மூச்சு முட்டும். வாலைப் பாருங்கள்: '-ஓ-ஸிஸ்'. நெடில் இருக்கிறது, முதன்மை அழுத்தம் அந்த ஓகாரத்தில். நியூ-ரோ-ஸிஸ், ஹிப்-னோ-ஸிஸ் என்று உளவியல் நூலில் வரும் சிறு சொற்களின் அதே வால்தான். மிச்சம் இருப்பவை நுண்மை, சிலிக்கா, எரிமலை என்று ஒவ்வொன்றும் தனக்கென இரண்டாம் அழுத்தம் வைத்துக்கொண்ட பழகிய சொற்கள். வரிசையாகச் சொல்லிக்கொண்டு போய் ஓகாரத்தில் இறங்கலாம்.

இரண்டாம் அழுத்தம் பற்றி நான் இதுவரை எழுதவில்லை. பர்-ஸ-'னா-லி-டி என்பதில் முதல் 'பர்' முழுக்க மங்குவதில்லை. முதன்மை அழுத்தத்துக்கு முன்னால் இரண்டு துண்டு இருந்தால், முதலாவது கொஞ்சம் தலைநிமிரும். 'ஃபோ-ட-'கிராஃ-பிக்' என்பதில் 'ஃபோ' பிழைத்திருப்பது அதனால்தான்.

மார்ச் 20, இரவு

மேலே எழுதியதை அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இந்த இழையைத் தொடங்கிய சொல்லுக்கே விடை வந்துவிட்டது. நியூ-'ரோ-ஸிஸ், சை-'கோ-ஸிஸ், ஹிப்-'னோ-ஸிஸ்: கடைசிக்கு முந்தையது நெடில், அழுத்தம் அங்கே. ஹை-'பாத்-த-ஸிஸ், அ-'னா-ல-ஸிஸ், ப-'ரென்-த-ஸிஸ்: அதே இடத்தில் தனிக்குறில், அழுத்தம் ஒரு படி முன்னால். எல்லாமே 'ஸிஸ்' என்று முடிகின்றன, நெடிலும் குறிலும்தான் அவற்றை இரண்டு அணியாகப் பிரிக்கின்றன. தனியே நின்றால் 'தீ-ஸிஸ்' என்று நீளும் சொல், முன்னால் 'ஹைப்போ' சேர்ந்ததும் குறுகி, அழுத்தத்தைக் கொடுத்துவிடுகிறது. நான் அந்த நீட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த மாணவத் தம்பியிடம் நாளை சொல்ல வேண்டும்.

மார்ச் 21

சொன்னேன். "அக்கா, எனக்கு இது தெரியாது. கேட்டதைச் சொன்னேன், அவ்வளவுதான்" என்றார். பிறகு ஒரு வாக்கியத்தை எடுத்தார். திரைவாசிப்பான் வாசித்து அவருக்குப் புரியாமல் போன வாக்கியம். அதில் பகுப்பாய்வு செய்கிறாள் என்ற வினைச்சொல் இருந்தது. எழுத்தில் அது பகுப்பாய்வுகள் என்ற பெயர்ச்சொல்லின் அதே வடிவம். பெயரானால் அ-'னா-ல-ஸீஸ், வினையானால் 'ஆ-ன-லை-ஸிஸ். இயந்திரம் பெயராக வாசித்துவிட்டது, வாக்கியத்தில் வினையே இல்லாமல் போயிற்று.

எழுவாய் எங்கே என்று பார்த்துவிட்டு, முதல் துண்டில் அழுத்தி வாசித்தேன். "இன்னொரு முறை வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். தலையசைத்துவிட்டு, அடுத்த பத்திக்குப் போகச் சொன்னார்.